ஆலப்புழைப் பெட்டி நம் வீதிக்கு ஒத்து வருமா?

கேள்வி: ஆலப்புழையில் மக்கும் குப்பையை அந்தந்த இடத்திலேயே உரமாக்குகிறார்களாம். எங்கள் வீதியில் 40 வீடுகள். நாங்களும் செய்யலாமா? பருவநிலைக்கு இதனால் பயன் உண்டா, வீதி சுத்தத்தோடு சரியா?
— வாசகர், சிங்காநல்லூர்

பதில்: பயன் உண்டு. கோவை வெள்ளலூர் போன்ற குப்பைக் கிடங்கில் சோறும் காய்கறித் தோலும் அழுந்தி, காற்றில்லாமல் அழுகினால் மீத்தேன் வரும். நூறாண்டு காலத்துக்குக் கணக்கிட்டால் அது கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். காற்றுப் பட மக்கினால் மீத்தேன் மிகக் குறைவு. ஆலப்புழைக்கும் இந்தப் புத்தி தானாக வரவில்லை. கிடங்கு இருந்த சர்வோதயபுரத்து மக்கள் எதிர்த்து நின்ற பிறகே, 2012-இல் நகரம் இந்த வழிக்கு வந்தது.

அங்கே பொது இடங்களில் வைத்திருப்பது தும்பூர்முழி முறைப் பெட்டி. கேரளக் கால்நடைப் பல்கலைக்கழகத்தில் உருவானது. நீளம், அகலம், உயரம் மூன்றும் 4 அடி. நாலு பக்கமும் காற்றுப் புக இடைவெளி, மேலே மழை விழாமல் கூரை. எலி வராமல் உள்பக்கம் கம்பி வலை அடியுங்கள். அடியில் 6 அங்குலம் பச்சைச் சாணி, அதன்மேல் 6 அங்குலம் சருகு, பிறகு குப்பை. இதே வரிசையில் மேலே வரை. நிறைந்ததும் 90 நாள் தொடக்கூடாது, கிளறவும் வேண்டாம்.

வீட்டுக்கு அரைக் கிலோ என்றால் தினம் 20 கிலோ. மூன்று பெட்டி வேண்டும்: ஒன்று நிரம்பும்போது மற்றவை மக்கும்.

ஒரு வாரம் கழித்து நடுவில் இரும்புக் கம்பியைச் செருகி, பத்து நிமிடத்தில் உருவிப் பாருங்கள். கையில் பிடிக்க முடியாத சூடு இருந்தால் சரி. சூடு இல்லையென்றால் சாணி காய்ந்தது, அல்லது சருகு மிஞ்சிவிட்டது. நாற்றமடித்தால் ஈரம் அதிகம்; ரசம், சாம்பாரை வடிக்காமல் கொட்டியிருப்பார்கள். கேரிபேக்கோடு போட்டாலும் உள்ளே காற்றுப் போகாமல் அழுகும்.

நம் ஊரில் கெடுவது வேறு விதம். ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியே அடித்து மேற்குப் பக்கத்தைக் காய வைக்கும். காய்ந்த இடம் மக்காது. அந்தப் பக்கம் ஈரச் சாக்குத் தொங்கவிட்டு, தேவைக்குத் தண்ணீர் தெளியுங்கள். சருகுக்கு மாசி, பங்குனியில் வேம்பு உதிரும்போதே கோணிப் பையில் கட்டி வையுங்கள். தீர்ந்தால் பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னை நார்க்கழிவு உதவும். ஆனால் அது ஈரத்தை நிறையக் குடித்துக்கொள்ளும் என்பதால் மெல்லிய அடுக்காகவே போடுங்கள். சாணிக்குப் பக்கத்துக் கட்டுத்தறியில் முன்கூட்டியே பேசி வையுங்கள். இரண்டு வாரம் சாணி வராமல் நின்றுபோகும் வீதிகள்தான் அதிகம். தினமும் பெட்டியைப் பார்க்க ஒருவருக்குச் சம்பளம் வைக்காமல், ‘எல்லாரும் பார்த்துக்கொள்வோம்’ என்று தொடங்காதீர்கள்.

கேள்வி: எங்கள் சந்தில் மூன்று வீடுதான் சம்மதிக்கிறது. பெட்டிக்குக் குப்பை போதாதே?
— வாசகி, பெருந்துறை

பதில்: குழாய் போதும். 8 அங்குல விட்டமுள்ள பி.வி.சி. குழாய், சுமார் நாலேகால் அடி நீளம், வீட்டுக்கு இரண்டு. ஒரு அடி மண்ணில் நட்டு மூடி போடுங்கள். சாணித் தண்ணீர் ஊற்றித் தொடங்கி, ஒன்று நிறைந்ததும் அடுத்ததற்கு மாறுங்கள். கரிசல் மண்ணென்றால் குழிக்கடியில் ஜல்லி கட்டாயம். இல்லாவிட்டால் ஐப்பசி மழையில் தண்ணீர் வடியாமல் புழு நெளியும்.

கேள்வி: ஓடந்துறை ஊராட்சி மாதிரி எங்கள் குடியிருப்போர் சங்கமும் காற்றாலை வாங்க முடியுமா?
— வாசகர், உடுமலை

பதில்: ஆசை பெரிது! மேட்டுப்பாளையத்தை அடுத்த அந்த ஊராட்சி 2006-இல் உங்கள் பக்கத்து மைவாடியில் நிறுவிய 350 கிலோவாட் காற்றாலைக்கு ரூ.1.55 கோடி ஆனது. பெரும்பகுதி வங்கிக் கடன். சங்கத்துக்குத் தோதானது மாடியில் சோலார். மத்திய அரசின் சூர்ய கர் மாடி சோலார் திட்டத்தில் குடியிருப்போர் சங்கத்தின் பொதுப் பயன்பாட்டுக்குக் கிலோவாட்டுக்கு ரூ.18,000 மானியம் உண்டு. ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும். நாளுக்கு 4 யூனிட் அளவில் கிடைக்கும். தண்ணீர் மோட்டாரும் வீதி விளக்கும் மாதம் எத்தனை யூனிட் இழுக்கின்றன என்று ஓராண்டு மின் கட்டண ரசீதுகளை எடுத்துக் கூட்டிப் பார்த்துவிட்டு அளவை முடிவு செய்யுங்கள்.