புறாவுக்கு ஆள் அடையாளம் தெரியுமா?

கேள்வி: புளோக் கீழே என்னைக் கண்டால் புறாக்கள் ஓடி வருகின்றன, விரட்டும் என் கணவரைக் கண்டால் பறந்துவிடுகின்றன. எங்களை அடையாளம் தெரியுமா? – வாசகி, ஈசூன்

பதில்: நன்றாகவே தெரியும். பாரிஸ் பூங்கா ஒன்றில் நடந்த ஆய்வில் ஒருவர் புறாக்களை விரட்டினார், இன்னொருவர் சும்மா இருந்தார்; பிறகு இருவரும் மேலங்கியை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தும் விரட்டியவரிடமிருந்துதான் புறாக்கள் ஒதுங்கின, ஆக உங்கள் கணவர் சட்டை மாற்றிப் பயனில்லை! புறாவின் கண்ணும் லேசுப்பட்டதல்ல, நமக்குத் தெரியாத புற ஊதா ஒளியும் அதற்குத் தெரியும். 1995இல் ஜப்பானில் ஆய்வாளர் வதனாபே குழுவினர் பழக்கிய புறாக்கள் ஓவியர்கள் மோனே, பிக்காசோ இருவரின் ஓவியங்களையும் பிரித்துச் சொல்லின, அதுவும் முன்பு பார்த்திராத படங்களில்! (எனக்கு இன்னும் குழப்பம்தான்.) அப்புறம், ஓடி வருகின்றன என்றால் தீனி போடுகிறீர்களோ? சிங்கப்பூரில் அதற்கு அபராதம் உண்டு.