சுவரில் இருக்கும் கறையைக் காட்டுங்கள்

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டையில் ஐந்து குடித்தனம் உள்ள வீட்டில் ஆறு வருடமாக வாடகைக்கு இருக்கிறோம். 2023 மிக்ஜாம் புயலில் மீட்டர் பாக்ஸுக்கு ஒரு சாண் கீழே வரை தண்ணீர் வந்துவிட்டது. அதை மேலே ஏற்றச் சொல்லி ஹவுஸ் ஓனரிடம் மூன்று முறை பேசினேன். மூன்று முறையும் சண்டைதான். நியாயம் என் பக்கம் இருந்தும் பேச்சு ஏன் எடுபடவில்லை?

பதில்: நியாயம் உங்கள் பக்கம்தான். ஆனால் உங்கள் கடிதத்தில் நீங்கள் எழுதியபடியே, வாயைத் திறந்ததும் வந்தது "உங்களுக்கு வாடகை வந்தா போதும்." அடுத்தது "எல்லார் வீட்லயும் ஷாக் அடிச்சுது." அடித்தது ஒரு வீட்டில்தான் என்று கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். ஓனருக்கும் அது தெரியாமல் இருக்குமா? அந்த ஒரு மிகையோடு சொன்ன உண்மையெல்லாம் அடிபட்டுப் போயிற்று.

பேசி இணங்க வைப்பதற்கு மூன்று வழி என்று கிரேக்கத்து அரிஸ்டாட்டில் சுமார் 2,300 வருடத்துக்கு முன்பே பிரித்தார்: பேசுகிறவர் மேல் நம்பிக்கை, கேட்பவரின் மனநிலை, சொல்லும் காரணம். இதில் நம்பிக்கை பற்றி அவர் சொன்னது எனக்கு ரொம்பப் பிடிக்கும். பழைய நல்ல பெயர் போதாது, பேசுகிற பேச்சிலேயே அது பிறக்க வேண்டும் என்றார். ஆறு வருடம் நாள் தவறாமல் வாடகை கொடுத்தது சரி. "போன தடவை கூட்டிச் சொல்லிட்டேன் சார், ஒரு வீட்லதான் அடிச்சுது" என்று ஆரம்பித்துப் பாருங்கள்.

அப்புறம் காரணம். உங்கள் பயம் உங்களுக்குக் காரணம், அவருக்கு இல்லை. மாடிப்படிக்குக் கீழே கூட்டிப்போய், வெள்ளம் விட்டுப்போன பழுப்புக் கோட்டையும் அதற்கு மேலே மீட்டரையும் காட்டுங்கள். "இன்னும் ஒரு சாண் ஏறினா என்ன சார் ஆகும்?" என்று கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒயரிங் செலவை அவரே கூட்டிப் பார்க்கட்டும்.

மனதைத் தொட அழவோ கத்தவோ வேண்டாம். பக்கத்துப் பெரம்பூரில் 1918-ல் சங்கம் தொடங்கிய மில் தொழிலாளர்களின் குறைகளில் ஒன்று, சாப்பாட்டுக்கு விடும் அரை மணி நேரம் போதவில்லை என்பது. கேட்டதுமே அள்ளி விழுங்கிவிட்டு ஓடுகிற ஆள் கண்ணில் தெரிகிறார். அதுபோல, கீழ் வீட்டுப் பாட்டி அன்றிரவு முழுக்கக் கட்டிலில் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்ததைச் சொல்லுங்கள், போதும்.

மீட்டரை நாமாகக் கழற்ற முடியாது, மின்வாரியத்தில் மனு கொடுக்க வேண்டும். எலக்ட்ரீஷியன் எழுதித் தரும் செலவுக் கணக்கைக் கையோடு கொண்டுபோங்கள். உங்கள் கணவரை மட்டும் விட்டுவிட்டுப் போங்கள். போன தடவை நாற்காலியை உதைத்தவர் அவர்தானே!