கம்பெனி கார் என் பெயருக்கு வந்துவிட்டது. நோ கிளைம் போனஸ் வருமா?

கேள்வி: ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் ஏழு ஆண்டுகள் வேலை பார்த்தேன். கம்பெனி கொடுத்த காரைத்தான் ஓட்டினேன். முதல் கார் நான்கு ஆண்டு, அடுத்தது மூன்று ஆண்டு. இரண்டிலும் ஒரு கிளைம்கூட இல்லை. வேலையை விட்டபோது இரண்டாவது காரை எனக்கே விற்றுவிட்டார்கள். போன வாரம் ஆர்.சி. என் பெயருக்கு மாறியது. அடுத்த மாதம் பாலிசி முடிகிறது. “நீங்கள் புது ஓனர், என்.சி.பி. (நோ கிளைம் போனஸ்) பூஜ்யம்” என்கிறார் ஏஜெண்ட். ஏழு ஆண்டு ஒழுங்காக ஓட்டியதற்கு ஒன்றுமே கிடையாதா?

பதில்: உண்டு. ஆனால் ஏழு ஆண்டுக்கு இல்லை, மூன்று ஆண்டுக்கு.

ஏஜெண்ட் சொல்வது வழக்கமான விதி. கிளைம் கேட்காத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் கழிவுதான் நோ கிளைம் போனஸ். அது காருக்குச் சொந்தமில்லை, பாலிசி யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான். அந்தக் கணக்கில் அது உங்கள் கம்பெனியுடையது. ஆனால் 2002ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் டாரிஃப் என்ற வாகன இன்சூரன்ஸ் விதித்தொகுப்பில், 27ஆம் பொது விதியில், உங்களைப் போன்றவர்களுக்காகவே ஒரு விலக்கு இருக்கிறது. நிறுவனத்துக்குச் சொந்தமான வாகனம் ஓர் ஊழியருக்கு ஒதுக்கப்பட்டு, அவர் மட்டுமே ஓட்டி, பிறகு அவர் பெயருக்கே மாறினால், அந்தக் காலத்தில் சேர்ந்த போனஸ் அவருக்குப் போக வேண்டும். கவுண்டரில் இருப்பவருக்கே பல நேரம் இது தெரியாது. விதி எண்ணைச் சொல்லியே கேளுங்கள்.

மூன்று ஆண்டு கிளைம் இல்லை என்றால் 35 சதவீதம். காரின் சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில்தான் இந்தக் கழிவு. உங்கள் காரால் பிறருக்கு ஏற்படும் இழப்புக்கான மூன்றாம் நபர் பிரீமியம் முழுதாகக் கட்டித்தான் ஆக வேண்டும். சொந்தச் சேத பிரீமியம் 10,000 ரூபாய் என்றால் 3,500 குறையும்.

முதல் காரை மறந்துவிடுங்கள். அது உங்கள் பெயருக்கு வரவே இல்லை. பழைய காரின் போனஸை கம்பெனி இரண்டாவது காருக்கு மாற்றிக்கொண்டிருந்தால், பாலிசியில் 50 சதவீதம் என்றுகூட அச்சாகியிருக்கும். அதைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். இந்தக் காரில், உங்கள் கையில் இருந்தபோது சேர்ந்ததை மட்டும் கேட்பதே பாதுகாப்பு என்பது என் கருத்து. போனஸ் கேட்கும்போது ஓர் உறுதிமொழியில் கையெழுத்துப் போடுவீர்கள். அது தவறு என்று தெரிந்தால் சொந்தச் சேதத்துக்கான பலன் முழுவதும் பறிபோகும் என்று அதிலேயே எழுதியிருக்கும். சில ஆயிரத்துக்காக அந்த அபாயம் எதற்கு?

இதற்கெல்லாம் ஆதாரம் ஒரு கடிதம். கம்பெனி லெட்டர்ஹெட்டில், பதிவு எண், சேஸிஸ் எண், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை கார் உங்களுக்கு ஒதுக்கப்பட்டது, அந்தக் காலம் முழுக்க நீங்கள் மட்டுமே பயன்படுத்தினீர்கள் என்பது இருக்க வேண்டும். “மட்டுமே” என்ற சொல் விட்டுப்போனால் கடிதம் பயன்படாது. நடுவில் அந்தக் கார் பொதுப் பயன்பாட்டுக்குப் போயிருந்தால் இப்படி எழுதி வாங்கவும் கூடாது. கூடவே மூன்று ஆண்டு பாலிசி நகல்களையும் கேளுங்கள். ஃபைனல் செட்டில்மென்ட் முடியும் முன்பே வாங்கிவிடுங்கள், அப்புறம் எச்.ஆர். போனை எடுப்பது சந்தேகம்.

ஆர்.சி. மாறிய 14 நாளுக்குள் பாலிசியையும் உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுங்கள். “இன்னும் ஒரு மாதம்தானே” என்று விடாதீர்கள். பெயர் மாறாத பாலிசியில் மூன்றாம் நபர் இழப்பீடு மட்டும் மோட்டார் வாகனச் சட்டப் பிரிவு 157இன்படி தானாக உங்களுக்கு மாறும். சொந்தக் காரின் சேதத்துக்கு அது பொருந்தாது என்று 1995லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெயர் மாற்றும்போதே கடிதத்தையும் இணையுங்கள். இல்லாவிட்டால் கம்பெனிக்குக் கொடுத்த போனஸில் மீதி நாட்களுக்கான தொகையை உங்களிடம் வசூலிப்பார்கள். பாலிசி முடிந்து 90 நாள் தாண்டினால் போனஸ் போய்விடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

கார் லீஸ் கம்பெனிக்குச் சொந்தமாக இருந்திருந்தால் விஷயம் வேறு, பழைய ஆர்.சி.யில் உரிமையாளர் யார் என்று ஒரு தடவை பாருங்கள்.

இவ்வளவும் கொடுத்த பிறகும் மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேட்டு, அந்த இன்சூரன்ஸ் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும், சென்னையிலுள்ள இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் கிடையாது. அங்கே வக்கீல் வைத்து வாதாட முடியாது, நீங்களேதான் பேச வேண்டும்.