அப்பா பார்த்த சிங்கப்பூரை எங்கே தேடுவது?

கேள்வி: மதுரையிலிருந்து என் அப்பா வருகிறார். எழுபதைக் கடந்தவர், முழங்கால் வலி உண்டு. ‘நினைத்தாலே இனிக்கும்’ வெளிவந்தபோது திரும்பத் திரும்பப் பார்த்தவர். அந்தப் படத்தில் வரும் இடங்களையெல்லாம் காட்டு என்கிறார். என் மகளுக்கோ ‘கிரேசி ரிச் ஏஷியன்ஸ்’ படத்தில் வரும் பாட்டியின் பங்களாவைப் பார்க்க ஆசை. எனக்கு இரண்டு நாள்தான் விடுப்பு. எங்கிருந்து தொடங்குவது? – வாசகி, ஈசூன்

பதில்: வரைபடத்தை மூடி வையுங்கள். முதலில் ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். கே. பாலசந்தரின் அந்தப் படம் 1979இல் வந்தது. அப்போது சாங்கி விமான நிலையம் இல்லை; அது திறந்தது 1981இல். இங்கே அந்நாளில் எடுத்த விமான நிலையக் காட்சி எதுவானாலும் அது பாய லேபார்தான். இன்று அது விமானப் படைத் தளம், உள்ளே விடமாட்டார்கள். மரினா பே சாண்ட்ஸ் ஹோட்டல் வந்தது 2010இல்தான். தமிழ்நாட்டிலிருந்து வரும் பெரியவர்களை இந்தப் பாதையில் பல ஆண்டுகளாக அழைத்துப் போகிறேன். அவர்கள் தேடி வருவது ஓர் இடத்தை மட்டுமல்ல, ஓர் ஆண்டையும்தான். அதைப் புரிந்துகொண்டு திட்டமிட்டால் ஏமாற்றம் பாதியாகக் குறையும்.

அப்பா விமானம் ஏறுவதற்கு முன்பே ஒரு வேலையை முடித்துவிடுங்கள். அவரோடு தொலைபேசியில் பேசி, நினைவில் நிற்கும் காட்சிகளை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லுங்கள். பலருக்கு இதற்கு முந்தைய ஆண்டில் வந்த ‘ப்ரியா’வும் இதுவும் ஒன்றோடொன்று கலந்துபோயிருக்கும். இரண்டிலும் ரஜினிகாந்த், இரண்டிலும் சிங்கப்பூர். எது எந்தப் படம் என்று வீட்டிலேயே பிரித்துவிடுங்கள். நடுவழியில் நின்றுகொண்டு பிரிப்பது கடினம். பிறகு படத்தை ஓடவிட்டு, அவர் சொன்ன இடத்தில் நிறுத்தி, திரையைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். நடிகர்களைப் பார்க்காதீர்கள், அவர்களுடைய தோளுக்குப் பின்னால் என்ன தெரிகிறது என்று பாருங்கள். பாலத்தின் வளைவோ கோபுரக் கடிகாரமோ தெரிந்தால் போதும், இடத்தைப் பிடித்துவிடலாம். பாடல் காட்சிகளில் மட்டும் கவனம் தேவை. பல்லவியை ஓரிடத்திலும் சரணத்தை வேறோரிடத்திலும் எடுத்து ஒட்டியிருப்பார்கள். ஒரே பாட்டு என்பதற்காக ஒரே தெருவில் தேடாதீர்கள்.

அறைக்குள் நடக்கும் காட்சிகளைத் தேடவே வேண்டாம். சிகரெட்டைத் தூக்கிப்போட்டு வாயில் பிடிக்கும் அந்தப் பந்தயக் காட்சியைத்தான் பெரும்பாலோர் முதலில் கேட்பார்கள். காருக்காக ஒருவர் சுண்டு விரலைப் பணயம் வைக்கும் காட்சியை யார் மறப்பார்கள்? ஆனால் நான்கு சுவர்களுக்குள் எடுத்த ஒன்றை எந்த ஹோட்டலில் போய்க் கேட்பது? அறைகளை எத்தனையோ முறை இடித்துப் புதுப்பித்திருப்பார்கள்.

முதல் நாள் காலை ஏழரை மணிக்கெல்லாம் ராஃபிள்ஸ் பிளேஸ் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கிவிடுங்கள். ஆற்றங்கரைக்குச் சில நிமிட நடைதான். அங்கே கெவனா பாலம் இருக்கிறது. 1869இல் கட்டியது, இன்று நடப்பவர்களுக்கு மட்டும். அப்பாவை அவசரப்படுத்தாதீர்கள். பாலத்தின் முனையில் நிற்கும் பழைய அறிவிப்புப் பலகையை அவர் படிக்கட்டும். மூன்று அந்தர் (சுமார் 150 கிலோ) எடைக்கு மேற்பட்ட வண்டிகளும் மாடுகளும் குதிரைகளும் இந்தப் பாலத்தில் போகக்கூடாது என்று அதில் எழுதியிருக்கிறது. மாட்டுவண்டி பார்த்து வளர்ந்தவருக்கு அந்தப் பலகை போதும், அரை மணி நேரம் பேசுவார். பக்கத்தில் 1910இல் திறந்த ஆண்டர்சன் பாலம். அதை ஒட்டி 1928இல் எழும்பிய ஃபுல்லர்டன் கட்டடம். இப்போது ஹோட்டல், அப்போது தலைமை அஞ்சலகம். எதிர்க்கரையில் விக்டோரியா அரங்கின் மணிக்கூண்டு. இவை நான்கும் இடம் மாறாதவை. 1970களின் எந்தப் படச் சட்டகத்தையும் இவற்றில் ஒன்றோடு பொருத்திப் பார்த்து, கேமரா எங்கே நின்றது என்று சொல்லிவிடலாம். மாறிப்போனது ஆறுதான். அன்று கரையை அடைத்துக்கொண்டு நின்ற சரக்குப் படகுகள் 1983இல் பாசிர் பாஞ்சாங்குக்குப் போய்விட்டன.

அடுத்தது மெர்லயன், சிங்கத் தலையும் மீன் உடலும் கொண்ட சிலை. மிகுதியான மனத்தாங்கல் இங்கேதான் வரும், அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன். 8.6 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிலையை 1972 செப்டம்பரில் திறந்தபோது அது ஆற்றின் முகத்துவாரத்தில், ஆண்டர்சன் பாலத்துக்கு அருகே நின்றது. 1997இல் எஸ்பிளனேட் பாலம் வந்து கடல் பக்கப் பார்வையை மறைத்தது. 2002இல் சிலையை ஏறக்குறைய 120 மீட்டர் நகர்த்தி இப்போதைய இடத்தில் வைத்தார்கள். ஆகவே பழைய படத்தில் மெர்லயனைப் பார்த்த ஒருவர் இன்று அதன் முன்னால் நின்றால், சிலை அதேதான், ஆனால் பின்னணி ஒன்றுகூடப் பொருந்தாது. “இது இல்லையே” என்பார். ஞாபகம் பிசகிவிட்டது என்று அவரிடம் சொல்லிவிடாதீர்கள். அவர் சொல்வதுதான் சரி. முதலில் பழைய இடத்தில் நிற்க வைத்து, கைப்பேசியில் இருக்கும் காட்சியைக் காட்டி, அதன் பிறகு சிலையிடம் அழைத்துப் போங்கள். சிலை கிழக்கே பார்த்து நிற்கிறது. காலை வெயில் அதன் முகத்தில் விழும், படம் நன்றாக வரும். பத்து மணிக்கு மேல் கூட்டமும் புழுக்கமும் சேர்ந்துவிடும். அதற்குள் தேக்காவுக்கு (லிட்டில் இந்தியா) கிளம்பிச் சாப்பிட்டுவிட்டு ஓய்வெடுங்கள். பிற்பகலில் மழை வர வாய்ப்பும் உண்டு.

ஜூரோங் பறவைப் பூங்காவை அவர் கேட்டால், அது 2023 ஜனவரியில் மூடப்பட்டது. பறவைகள் இப்போது மண்டாயில் இருக்கின்றன. ஈசூனிலிருந்து அது உங்களுக்குப் பக்கம்தான்.

இனி மகளின் ஆசை. அந்தப் பங்களா சிங்கப்பூரில் இல்லை. கதையில் அது சிங்கப்பூர் வீடு. படமெடுத்ததோ கோலாலம்பூரில் உள்ள கார்கோசா ஸ்ரீ நெகாராவில். மாஜோங் ஆடும் காட்சி பினாங்கில், செயோங் ஃபாட் ஸே மாளிகையில் எடுத்தது. இதை இன்றே மகளிடம் சொல்லிவிடுங்கள், கடைசி நேரத்தில் சொன்னால் பாவம், மனம் உடைந்துவிடும். திருமணம் நடக்கும் தேவாலயம் இங்கேதான் இருக்கிறது: விக்டோரியா ஸ்திரீட்டில் சைம்ஸ். ஒரு காலத்தில் கன்னிமாடப் பள்ளி. மண்டபத்தில் உண்மையான திருமணங்களும் நடப்பதால் சில நாள்களில் உள்ளே போக முடியாது. முற்றத்தில் நின்று பார்க்கலாம். முதல் நாள் மாலை அங்கிருந்து கரையோரப் பூந்தோட்டங்களுக்குப் போங்கள். அங்கே மர வடிவில் நிற்கும் கோபுரங்களான சூப்பர் மரங்களின் ஒளிக்காட்சி இரவு 7.45க்கும் 8.45க்கும் நடக்கும், கட்டணம் இல்லை. படத்தில் வரும் நியூட்டன் உணவங்காடி நிலையத்தை அடுத்த நாள் இரவுச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் நாளுக்கு நீங்கள் கேட்காத ஓரிடத்தைச் சொல்கிறேன். பாலஸ்டியர் ரோட்டிலிருந்து பிரியும் ஜாலான் அம்பாஸ், 8ஆம் எண். பி. ரம்லி நடித்த மலாய்ப் படங்கள் பிறந்த ஷா நிறுவனத்தின் ஸ்டூடியோ அது. 1967இல் மூடினார்கள். ரம்லியை முதன்முதலில் கதாநாயகனாக்கியவர் மதராஸில் பிறந்த எல். கிருஷ்ணன். எஸ். ராமநாதன், பி. எஸ். ராஜ்ஹன்ஸ் என்று அங்கே இயக்கியவர்களில் பலர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். ‘அம்பாஸ்’ என்றால் மலாயில் சக்கை. 1830களில் ஜோசப் பாலஸ்டியர் கரும்பு பயிரிட்ட வட்டாரம் அது. உள்ளே போக அனுமதியில்லை, வாயிலில் நின்றுதான் பார்க்க வேண்டும். இருந்தாலும் சினிமாவை இவ்வளவு நேசிக்கும் உங்கள் அப்பா அந்த வாயிலைப் பார்க்காமல் ஊருக்குத் திரும்பக் கூடாது.

உள்ளூர்ப் படங்கள் பல வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்குகளில் எடுக்கப்பட்டவை. அவற்றையும் தேடிப் போகும் எண்ணம் இருந்தால் கீழ்த்தளத்தோடு நின்றுகொள்ளுங்கள். மாடி நடைவழியில் கேமராவைத் தூக்கிக்கொண்டு போனால் அங்கே குடியிருப்பவர்களுக்கு எப்படி இருக்கும்? துப்பாக்கி ஏந்திய வீரரின் படம் போட்ட சிவப்புப் பலகை எங்காவது தெரிந்தால் கேமராவை உடனே பைக்குள் வைத்துவிடுங்கள். அதில் தமிழிலும் எழுதியிருக்கிறது, அப்பாவே படித்துக்கொள்வார். வழிகாட்டி ஒருவரைக் கட்டணத்துக்கு அமர்த்தினால் அவரிடம் உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஒருவேளை பாலத்தில் நின்று அந்தச் சிகரெட் வித்தையைச் செய்துகாட்ட அப்பா ஆசைப்படலாம். பலரும் ஆசைப்பட்டிருக்கிறார்கள். ஊரிலிருந்து சிகரெட் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இங்கே ஒரு பெட்டிக்குக்கூடத் தீர்வை விலக்கு கிடையாது. தவறிக் கீழே விழுந்ததை எடுக்காமல் போனால் குப்பை போட்டதாக அபராதமும் வரலாம். வெள்ளைச் சுண்ணக்கட்டி ஒன்றை வாங்கிக் கொடுங்கள். நீளமும் தடிமனும் ஏறத்தாழ ஒத்துவரும், படத்தில் வித்தியாசம் தெரியாது.