இன்ஸ்டிட்யூட் போகாமல், வீட்டிலிருந்தே ஆட்டோகேட் (கம்ப்யூட்டரில் ட்ராயிங் போடும் சாஃப்ட்வேர்) கற்றுக்கொண்டு வேலைக்குப் போக முடியுமா?

முடியும், நானே அப்படி வந்தவன்தான். ஆனால் மூன்று மாதத்தில் கற்றுக்கொண்டேன் என்று சொன்னால் பொய். கமாண்டுகள் ஒரு மாதத்தில் கைக்கு வந்துவிட்டன. ட்ராயிங் போடக் கற்றுக்கொள்ளத்தான் நாலு வருஷம் ஆனது. இரண்டும் வேறு வேறு என்பது எனக்கு ரொம்ப லேட்டாகத்தான் புரிந்தது.

ப்ளஸ் டூ முடித்துவிட்டுக் கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறையில் ஹெல்பராகச் சேர்ந்தேன். பம்ப் கம்பெனிகளுக்கு ஜாப் ஆர்டர் செய்யும் இடம். பெரிய கம்பெனிகள் ட்ராயிங்கைப் பிரிண்ட் போட்டுக் கொடுத்துவிடுவார்கள், அது எண்ணெய்க் கை பட்டு ஒரே வாரத்தில் கறுத்துப்போகும். சிலர் ட்ராயிங்கெல்லாம் இல்லாமல் உடைந்த பீஸைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து "இதே மாதிரி ஒண்ணு வேணுங்க" என்று நிற்பார்கள். முதலாளி அதை அளந்து ஏதாவது ஒரு அட்டையில் பேனாவால் வரைந்து மிஷின்காரரிடம் கொடுப்பார். அந்த அட்டைகளைத்தான் நான் ஆபீஸ் ரூமில் இருந்த பழைய கம்ப்யூட்டரில், ஷிஃப்ட் முடிந்த பிறகு, ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்த்தேன்.

அதனால் என்னிடம் கேட்டால் முதலில் சொல்வது இதுதான். நெட்டில் கிடைக்கும் பயிற்சிப் படங்களைப் பத்து பதினைந்து போட்டதும் நிறுத்திவிடுங்கள். அதில் எல்லா அளவும் கொடுத்திருப்பார்கள், நீங்கள் பார்த்துப் பார்த்துத் தட்டுகிறீர்கள், அது டைப்பிங். ஒரு வெர்னியர், அதாவது மில்லிமீட்டரின் பின்னம் வரை அளக்கும் கருவி, வாங்குங்கள். பழைய இரும்புக் கடையில் ஒரு ஃபிளாஞ்ச் (போல்ட் போட்டு இணைக்கும் ஓட்டைகள் உள்ள வட்டத் தட்டு), ஒரு பேரிங் ஹவுசிங் (பேரிங் உட்காரும் கூடு), ஒரு புல்லி என்று எடுத்து வந்து மேஜையில் வைத்து அளந்து வரையுங்கள். எங்கிருந்து எங்கே அளப்பது என்று யாரும் சொல்லாத இடத்தில்தான் வேலையே ஆரம்பிக்கிறது.

ஒரு ஃபிளாஞ்சில் நாலு ஓட்டை இருக்கிறது என்று வையுங்கள். அவற்றின் செண்டர் வழியாகப் போகும் வட்டத்தின் விட்டம், அதாவது பிசிடி, வேண்டும். செண்டர் என்பது காற்று, வெர்னியரை எங்கே வைப்பீர்கள்? எதிரெதிர் ஓட்டைகளின் வெளி ஓரத்திலிருந்து வெளி ஓரத்துக்கு அளக்க வேண்டும், அதில் ஒரு ஓட்டையின் விட்டத்தைக் கழிக்க வேண்டும். 79 வருகிறது, ஓட்டை 9 எம்எம் என்றால் பிசிடி 70. சரி, மூன்று ஓட்டைதான் இருந்தால்? எதிரில் ஓட்டையே கிடையாது. பக்கத்துப் பக்கத்து ஓட்டைகளை இதே மாதிரி அளந்து, அந்த நீளத்துக்கு ஒரு சமபக்க முக்கோணம் போட்டு, வட்டக் கமாண்டில் 3பி (மூன்று புள்ளி வழியாக வட்டம்) கொடுத்து மூன்று முனைகளையும் தொட்டால் பிசிடி தானாக வந்து நிற்கும். இதை நான் கண்டுபிடித்த அன்றைக்குத்தான் இந்த சாஃப்ட்வேர் வெறும் படம் போடும் சமாச்சாரம் இல்லை என்று உறைத்தது.

கமாண்டுகள் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. லைன், சர்க்கிள், ஆஃப்செட், ட்ரிம், ஃபில்லட், மிர்ரர், காப்பி, மூவ் என்று ஒரு இருபது போதும், ஐகானைத் தேடாமல் இடது கையால் ஷார்ட்கட் எழுத்துகளைத் தட்டிப் பழகுங்கள், கோடு கிடையாகவோ செங்குத்தாகவோ மட்டும் போக எஃப்8, முனை, செண்டர் போன்ற புள்ளிகளைச் சரியாகப் பிடிக்கும் ஸ்னாப்புக்கு எஃப்3. எதையும் உள்ளது உள்ளபடி ஒன்றுக்கு ஒன்று அளவில் வரையுங்கள், ஸ்கேல் எல்லாம் பிரிண்ட் போடும்போது லேஅவுட்டில் பார்த்துக்கொள்ளலாம். புது ஃபைல் திறக்கும்போது பெயரில் 'ஐஎஸ்ஓ' இருக்கும் டெம்ப்ளேட்டை எடுங்கள், அதுதான் மில்லிமீட்டர். இன்னொன்று அங்குலக் கணக்கு. அதில் வரைந்ததை எம்எம் ஃபைலுக்குள் கொண்டுவந்தால் சில சமயம் 25.4 மடங்கு பெரிதாக வந்து விழும், பார்த்தால் யானைக் கால் மாதிரி இருக்கும்.

இப்போது நான் வாங்கிக் கட்டிக்கொண்ட கதை. தனியாகப் படிப்பவர்கள் எல்லாரும் விழக்கூடிய குழி இது.

நான் பார்த்துப் படித்த வீடியோக்கள் பெரும்பாலும் அமெரிக்கக்காரர்கள் போட்டவை. அவர்கள் தேர்ட் ஆங்கிள் முறையில் வரைவார்கள், வலப்பக்கத்திலிருந்து பார்த்தால் தெரிவதை வலப்பக்கத்திலேயே போடுவார்கள், மேலிருந்து பார்த்ததை மேலே. நம் ஊரில் ஃபர்ஸ்ட் ஆங்கிள். பள்ளி, கல்லூரிகளுக்கான எஸ்பி 46 என்ற இந்தியத் தர நூலும் அதைத்தான் சொல்கிறது. இதில் எல்லாம் தலைகீழ்: முன் பார்வைக்கு வலப்பக்கம் ஒரு படம் இருந்தால் அது இடமிருந்து பார்த்தது, மேலிருந்து பார்த்தது கீழே வரும். ஐ.டி.ஐ.யில் முதல் சில வகுப்புகளிலேயே சொல்லிவிடுகிற விஷயம். எனக்குச் சொல்ல ஆள் இல்லை.

ஒரு பிளாக், அதன் வலப்பக்க முகத்தில் ஒரு எம்8 டேப் ஓட்டை (8 எம்எம் போல்ட் திருகும் மரை ஓட்டை), பத்துப் பீஸ். வலப்பக்கப் பார்வையை வலப்பக்கமே போட்டேன். முன் பார்வையில் அந்த ஓட்டைக்கு ஹிடன் லைன் (உள்ளே மறைந்திருப்பதைக் காட்டும் விட்டுவிட்ட கோடு) போட்டிருந்தால்கூடத் தப்பித்திருப்பேன், யாராவது பார்த்து என்னடா இது முன்னுக்குப் பின் முரணாக இருக்கிறதே என்று கேட்டிருப்பார்கள், சோம்பேறித்தனத்தில் அதையும் விட்டுவிட்டேன். டைட்டில் பிளாக், அதாவது ட்ராயிங் மூலையில் வரும் விவரக் கட்டம், பட்டறையில் ஏற்கெனவே இருந்தது, அதில் ஃபர்ஸ்ட் ஆங்கிள் சின்னம், அந்தக் கூம்பும் வட்டமும், அழகாக உட்கார்ந்திருந்தது. அது ஏதோ லோகோ என்று நினைத்திருந்தேன்! ட்ரில்லிங் அண்ணன் ட்ராயிங்கை முறைப்படிதான் படித்தார், பத்துப் பீஸிலும் இடப்பக்கம் டேப் போட்டு வைத்துவிட்டார். முதலாளி திட்டவில்லை, ஒரு பீஸை எடுத்து என் கீபோர்டு மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். திட்டியிருக்கலாம்.

இன்னொன்று, அளவு சரியாக வரவில்லை என்றால் டைமென்ஷன் எழுத்தை மட்டும் மாற்றி எழுதும் பழக்கம். 148.7 என்று காட்டினால் அதை அழித்து 150 என்று தட்டுவது. பிரிண்ட்டில் யாருக்கும் தெரியாது. லேசர் கட்டிங்குக்கு டிஎக்ஸ்எஃப் ஃபைல் அனுப்பினால் மிஷின் எழுத்தைப் படிக்காது, கோட்டைத்தான் வெட்டும், 148.7-ல் வெட்டிக் கொடுத்துவிடும். ஒரே கோட்டின் மேல் தெரியாமல் இன்னொரு கோடு இருந்தால் அதே இடத்தை இரண்டு முறை வெட்டவும் செய்யும். அனுப்பும் முன், இப்படி மேலே மேலே கிடக்கும் கோடுகளை நீக்கும் ஓவர்கில் கமாண்டை ஒரு தடவை ஓட்டிவிடுங்கள்.

டாலரன்ஸை, அதாவது ஒரு அளவு எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம் என்பதை, எந்த வீடியோவிலும் நான் கற்கவில்லை. 6204 பேரிங்குக்கு ஹவுசிங் வரைந்து, வெளி விட்டம் 47 தானே என்று ஓட்டைக்கு 47 என்று போட்டு, எங்கள் பெரிய டர்னரிடம் (லேத் ஓட்டுபவரிடம்) நீட்டினேன். அவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டு, "47ன்னா எவ்வளவு தம்பி?" என்றார். கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். அப்புறம்தான் விளக்கினார்: 47 ஹெச்7 என்று எழுதினால் 47.000 முதல் 47.025 வரை, அதற்குள் ஓட்டையைக் குடைந்தால் பேரிங் கையால் தள்ளினாலே உட்காரும், வெறும் 47 என்றால் அவரவர் இஷ்டம். உங்கள் ட்ராயிங்கை வைத்து நிஜமாகவே ஒன்றைச் செய்யப்போகும் ஆளிடம் காட்டுங்கள். இன்ஸ்டிட்யூட்டில் கிடைக்காதது அதுதான். பிறகு என் நண்பன் ஒருவன் பன்னிரண்டாயிரம் கட்டி மூன்று மாதம் படித்தான், என்னைவிட வேகமாக வரைவான், ஆனால் அவன் போட்ட ஷாஃப்ட்டில் கீவே (புல்லி நழுவாமல் பிடிக்கும் துண்டுக்கான பள்ளம்) மில் அடிக்க இடமே இருக்காது.

சாஃப்ட்வேர் செலவு: நீங்கள் இப்போது ஏதாவது கல்லூரியிலோ பாலிடெக்னிக்கிலோ படிக்கிறீர்கள் என்றால் ஆட்டோகேடைத் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் கல்வி உரிமத்தை இலவசமாகத் தருகிறது, வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும், அதில் சம்பாதிக்கும் வேலை செய்யக்கூடாது. படிக்கவில்லை என்றால் கிராக், அதாவது திருட்டுக் காப்பி, பக்கம் போகாதீர்கள், லைப்ரேகேடில் ஆரம்பியுங்கள். சின்னது, இலவசம், கமாண்டுகள் ஏறக்குறைய இதே மாதிரிதான். 3டி வேண்டுமென்றால் ஃப்ரீகேட், 2024 நவம்பரில் அதன் 1.0 வந்தது, முன்பு இருந்த பல தொல்லைகள் குறைந்திருக்கின்றன. லைப்ரேகேடில் பழகிய கை ஆட்டோகேடுக்கு மாற ஒரு வாரம் போதும்.

வேலை விஷயம். பெரிய கம்பெனிகளில் ஐ.டி.ஐ. அல்லது டிப்ளமோ இல்லாமல் வாசலைத் தாண்டுவது கஷ்டம், அதை மறைக்க விரும்பவில்லை. சின்னப் பட்டறைகளிலும் ஃபேப்ரிகேஷன் யூனிட்டுகளிலும் சர்டிஃபிகேட் கேட்க மாட்டார்கள். நீங்கள் அளந்து வரைந்த ஐந்தாறு ட்ராயிங்கை ஏ3-யில் பிரிண்ட் எடுத்து, அந்தப் பீஸ்களையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். அநேகமாக ஏதாவது ஒரு ஜாப்பைக் கையில் கொடுத்து வரையச் சொல்வார்கள். சொந்த வெர்னியரையும் எடுத்துப் போங்கள், பட்டறை வெர்னியர் பத்து பேர் கீழே போட்டது, ஜீரோவே சரியாக நிற்காது.