அப்பளத்தில் அளந்த ஒளி வேகம்: பாதி எங்கே போயிற்று?

கேள்வி: பத்தாம் வகுப்பில் படிக்கும் என் மகள், மைக்ரோவேவ் அடுப்பில் அப்பளத்தை வைத்து ஒளியின் வேகத்தைக் கணக்கிட்டாள். பொரிந்த இரண்டு இடங்களுக்கு நடுவே 6 சென்டிமீட்டர் இருந்தது. அடுப்பின் பின்புறம் குறித்திருந்த 2450 மெகாஹெர்ட்ஸால் அதைப் பெருக்கினால் நொடிக்கு 1,47,000 கிலோமீட்டர்தான் வருகிறது. பாதி எங்கே போயிற்று? ஏற்காட்டில் என் தங்கை வீட்டில் செய்தால் விடை மாறுமா?
– வாசகி ஒருவர், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: தங்கள் மகள் அளந்ததில் பிழையில்லை, அளந்தது எதை என்பதில்தான் சிறு குழப்பம். அடுப்பில் உண்டாகும் நுண்ணலையும் (மைக்ரோவேவ்) ஒளியைப் போன்ற மின்காந்த அலையே, வேகமும் அதுவே. ஒரு முழு அலையின் நீளத்தை, அது நொடிக்கு எத்தனை முறை ஆடுகிறது என்ற அதிர்வெண்ணால் (இங்கே 2450 மெகாஹெர்ட்ஸ்) பெருக்கினால் அந்த வேகம் கிடைக்கும். அடுப்பின் உலோகச் சுவர்களில் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றோடொன்று சேர்ந்து, ஓரிடத்திலேயே நின்று ஆடும் நிலை அலைகளாகின்றன. தூணில் கட்டிய கயிற்றின் மறுமுனையைப் பிடித்து ஆட்டும்போது, ஒரு பகுதி மேலே எழும்பினால் அடுத்த பகுதி கீழே இறங்கும். இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு முழு அலை. அப்பளத்துக்கோ மேல், கீழ் என்ற பேதமில்லை. ஆட்டம் எங்கே மிகுதியோ அங்கெல்லாம் பொரிந்துவிடும். ஆகவே, அடுத்தடுத்துப் பொரிந்த இடங்களின் இடைவெளி அரை அலைநீளமே. 6 சென்டிமீட்டரை இரட்டித்துப் பெருக்கினால் நொடிக்கு 2,94,000 கிலோமீட்டர் வரும். உண்மை மதிப்பு 2,99,792.458. சமையலறைக் கணக்குக்கு இது மிக நல்ல விடை.

சுழலும் தட்டை எடுத்துவிட்டு, அப்பளங்களை நெருக்கமாகப் பரப்பி, வெண்கொப்புளங்கள் தோன்றியதும் அடுப்பை நிறுத்திவிட வேண்டும். தாமதித்தால் மஞ்சளாக இருந்த இடங்களும் பொரிந்து, நடுப்புள்ளி எது என்றே தெரியாமல் போகும். (சாக்லேட் வைத்தும் செய்வார்கள், சேலத்துச் சித்திரை வெயிலில் அது அடுப்புக்குப் போகுமுன்னரே உருகிவிடும்.) அலைகள் மூன்று திசைகளிலும் பின்னிக் கிடப்பதால் எல்லா இடைவெளிகளும் ஒன்றுபோல் அமையா, பல இடங்களில் அளந்து சராசரி எடுப்பது நல்லது. அதிர்வெண்ணை நாம் அளக்கவில்லை, அடுப்பில் குறித்திருப்பதை நம்பி எடுத்துக்கொள்கிறோம் என்பதையும் மகள் தன் குறிப்பேட்டில் எழுதிவைக்கட்டும்.

ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே காற்று சற்று மெலிந்தது. ஆனால், சமவெளிக் காற்றே ஒளியின் வேகத்தை நொடிக்குச் சுமார் நூறு கிலோமீட்டர்தான் குறைக்கிறது. ஸ்கேலில் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலோ விடை 4,900 கிலோமீட்டர் மாறிவிடும். தங்கை வீட்டில் வேறு விடை வந்தால், அந்த அடுப்பின் உள்ளமைப்பையும் ஸ்கேல் பிடித்த கையையுமே சந்தேகிக்க வேண்டும்.