வீட்டுக்குள் மணக்கும் கிழங்குப் பூச்செடிகள்: கேள்வி பதில்

கேள்வி: தொட்டியில் நட்ட ஹயசிந்த் கிழங்கில் தண்டு நீளவேயில்லை; பூக்கள் இலைகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டு நிற்கின்றன. உரம் போதவில்லையா?

பதில்: போதாதது உரமன்று, குளிர். விற்பனைக்கு வரும் முற்றிய கிழங்குக்குள் பூமொட்டு ஏற்கெனவே உருவாகியிருக்கும். ஆனால் அதைத் தாங்கும் தண்டு நீள வேண்டுமானால், கிழங்கு ஏறத்தாழ 10 முதல் 14 வாரங்கள் வரை 9 டிகிரி செல்சியசுக்கும் குறைவான குளிரில் இருந்தாக வேண்டும். குளிர்காலம் இல்லாத இடங்களில் காகிதப் பையிலிட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம், உறைபெட்டி ஆகாது. அதே பெட்டியில் ஆப்பிள் முதலிய பழங்கள் இருந்தால், அவை வெளிவிடும் எத்திலீன் வாயு உள்ளிருக்கும் மொட்டைக் கெடுத்துவிடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. குளிரில் வைக்க வேண்டிய வாரங்கள் முடிந்து வெளியே எடுத்த கிழங்கை, முளை இரண்டு அங்குலம் உயரும் வரை மங்கிய வெளிச்சத்திலும் பிறகு சன்னலோரத்திலும் வளர்க்க வேண்டும். கையுறை அணிந்தே கிழங்கைத் தொடுங்கள். அதன் தோலிலுள்ள ஆக்சலேட் படிகங்கள் அரிப்பை உண்டாக்கும்.

கேள்வி: அத்தனை வாரங்கள் காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு என்ன வழி?

பதில்: பேப்பர்வைட் நார்சிசஸ். அதற்குக் குளிர் தேவையில்லை. கிண்ணத்தில் கூழாங்கற்களைப் பரப்பிக் கிழங்கை அமர்த்தி, அதன் அடிப்பகுதியை எட்டும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றினால், பெரும்பாலும் 4 முதல் 6 வாரங்களில் பூத்துவிடும். தண்டு நெடுநெடுவென வளர்ந்து சாய்வதுதான் இதன் குறை. முளை ஓரிரு அங்குலம் வந்ததும், வெறும் தண்ணீருக்குப் பதிலாக 4 முதல் 6 விழுக்காடு ஆல்கஹால் கலந்த நீரை ஊற்றினால், பூவின் அளவு குறையாமல் உயரம் மட்டும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைவதைக் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். பீரும் ஒயினும் இதற்கு உதவா. அவற்றிலுள்ள சர்க்கரை செடிக்குக் கேடு. இதன் மணம் எல்லோருக்கும் பிடிப்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்; சிறிய அறையில் எனக்கே திகட்டும்.

கேள்வி: சம்பங்கியை அறைக்குள் வளர்க்கலாமா? ஒருமுறை பூத்த கிழங்கு மீண்டும் பூக்குமா?

பதில்: நாளில் பாதியாவது நேர்வெயில் விழும் சன்னல் இருந்தால் வளர்க்கலாம்; இல்லையேல் இலை மட்டுமே மிஞ்சும். பூத்த கிழங்கு மறுபடி பூக்காது. அதைச் சுற்றி விடும் பக்கக் கிழங்குகளைப் பிரித்து நட்டு, அவை பருக்கும் வரை காத்திருக்க வேண்டும். மாலைக்குப் பிறகே மணம் கூடும் என்பதால், படுக்கையறையில் வைப்பதா என்பதை யோசித்து முடிவு செய்யுங்கள்.

கேள்வி: வீட்டில் பூனை இருக்கிறது. மணமுள்ள லில்லி வைக்கலாமா?

பதில்: கூடாது. இலை, மகரந்தம், குவளைத் தண்ணீர் என எது சிறிதளவு உள்ளே போனாலும் பூனையின் சிறுநீரகம் செயலிழக்கக்கூடும்.